பிரெட்ரிக் அண்ணனும் ஏழு மணிகளும்

பிரெட்ரிக் அண்ணன் இறந்து நான்கு மாதமாகிறது. அடக்கத்தன்று ஃபாதர் அவரைப் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மைதான். உழைப்பாளி, யார் மனமும் நோகப் பேசாதவர், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாதவர். ஆனால் இருபத்தாறு வருடம் அவர் மனதைப் பிடித்து வைத்திருந்த ஒன்றை ஃபாதர் சொல்லவில்லை. சவப்பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு கணினி விளையாட்டைப் பற்றிப் பேச முடியாதுதான். அதனால் நான் எழுதுகிறேன். இதை எழுத எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அது என் மேலேயே எனக்கு இருக்கும் கோபம்.

என் பெயர் சொக்கு. மலேசியாவில், பத்து பாகாட்டில் காப்புறுதி முகவராக இருக்கிறேன். இருபதுகளில், பேருந்து நிலையத்துக்குப் பின்னாலிருந்த ஒரு கணினிக் கடையில் வேலை பார்த்தேன். அப்பாவுக்கு அது பிடிக்கவே இல்லை. செட்டியார் வீட்டுப் பையன் இன்னொருத்தன் கடையில் உட்கார்ந்து திருகாணி முடுக்குவதா என்று தினமும் ஒரு தடவையாவது கேட்பார். எனக்கு அந்தக் கடையை விட்டால் வேறு உலகம் இல்லை.

1998-இல் ஒரு மத்தியானம் பிரெட்ரிக் அண்ணன் அங்கே வந்தார். பின்னலாடைத் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரம் பழுது பார்ப்பவர். அவர்கள் ஸ்டோரில் இருந்த கணினி படுத்துவிட்டது என்று மோட்டார் சைக்கிளில் வைத்துக் கட்டித் தூக்கி வந்திருந்தார். நான் வேலை செய்கிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டு 'போர்ட் மெரிடன்' விளையாடிக்கொண்டிருந்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த விளையாட்டில் சுடுவது கிடையாது, ஓடுவது கிடையாது. ஏழே வீடுகள் உள்ள ஒரு சின்னத் துறைமுகம். அங்கிருந்து ஒரு பெண் தபால் படகை ஓட்டிக்கொண்டு தீவு தீவாகப் போகிறாள். ஒவ்வொரு தீவிலும் ஏதோ ஒன்று பூட்டிக் கிடக்கும். சுற்றிப் பார்த்து, பேசிப் பார்த்து, யோசித்துத் திறக்க வேண்டும். அவ்வளவுதான் கதை. ஆனால் ஒரு தடவை அந்தப் படகில் ஏறியவர்கள் இறங்குவதில்லை. மொத்தம் ஐந்து பாகங்கள் வந்தன. கடைசிப் பாகம் 2004-இல் வந்தது. அதோடு அதைச் செய்த நிறுவனமும் மூடிக்கொண்டது.

அன்று நான் முதல் பாகத்தில் ஒரு உப்புக் கிடங்கில் மாட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு நாளாக அதே தராசு, அதே மூட்டைகள். பிரெட்ரிக் அண்ணன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி என் முதுகுக்குப் பின்னால் கால் மணி நேரம் நின்று பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அந்தத் தராசே சரியில்ல போல தம்பி. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மூட்டைய வச்சுப் பாருங்க."

வைத்தேன். தராசு ஒரு பக்கம் சாய்ந்தது. அதிலிருந்து மற்றதெல்லாம் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிட்டது. எனக்கு வந்த எரிச்சலை அளவிட முடியாது. முன்பின் தெரியாத ஒரு மனிதர், கையில் இயந்திர எண்ணெயோடு வந்து நின்று, நான் இரண்டு நாளாகப் பிடிக்க முடியாததைப் பிடித்துவிட்டார். ஆனால் அவரோ பதறிப்போய்விட்டார்.

"மன்னிச்சுக்குங்க தம்பி. உங்க விளையாட்ட நான் கெடுத்துட்டேன். விடைய நான் சொல்லியிருக்கக் கூடாது."

அவர் பாலோவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அம்மாவும் அப்பாவும் பால்மரம் வெட்டியவர்கள். அவருக்குப் பதினைந்து வயதில் அப்பா போய்விட்டார். படிவம் மூன்றோடு பள்ளிக்கூடம் நின்றது. பதினேழு வயதில் பத்து பாகாட்டுக்கு வந்து தொழிற்சாலையில் சேர்ந்தார். முதலில் நூல் கண்டு தூக்கினார், பிறகு இயந்திரம் கழுவினார், பிறகு இயந்திரத்தையே பிரித்துப் போடக் கற்றுக்கொண்டார். துணியில் ஒரு கோடு விழுந்தால் எந்த ஊசி வளைந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்வார் என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொல்வார்கள். இதெல்லாம் இருந்தும், யாராவது எதையாவது பாராட்டினால் உடனே சொல்வார்: "நமக்கெல்லாம் மண்டை ரொம்ப ஓடாதுங்க. கை பழகிப்போச்சு, அவ்வளவுதான்."

அந்த வருடக் கடைசியில் அவர் ஒரு பழைய கணினி வாங்கினார். விளையாட்டை நான்தான் பிரதி எடுத்துக் கொடுத்தேன். அந்தக் காலத்தில் அசல் எங்கே கிடைத்தது? பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் மேசை போட்டு விற்பார்கள், இல்லையென்றால் என்னைப் போல ஒருத்தன் பிரதி எடுப்பான். சிங்கப்பூர் நண்பன் ஒருவன் இரண்டு சீடிகளில் அசலைக் கொடுத்திருந்தான். நான் அதை ஒரே சீடியில் அடக்கினேன். பத்து பாகாட்டிலும் யோங் பெங்கிலும் அந்த விளையாட்டைத் தொட்ட தமிழர்கள் எல்லாருமே என் பிரதியில்தான் விளையாடினார்கள். எனக்கு அதில் கொள்ளைப் பெருமை.

அப்படியே சேர்ந்த கூட்டம் நாங்கள் ஒன்பது பேர். வருடத்துக்கு ஒரு முறை, மே தினத்தன்று, தொழிற்சாலை மூடியிருக்கும் என்பதால் பிரெட்ரிக் அண்ணன் வீட்டில் கூடுவோம். அமலோற்பவம் அண்ணி மீ கோரெங்கும் கோப்பியும் செய்து வைத்துவிடுவார். கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம். அதை உப்புக் கிடங்கு நாளிலேயே மனதுக்குள் போட்டுக்கொண்டவர் பிரெட்ரிக் அண்ணன். குறிப்புக் கொடுக்கலாம், விடை சொல்லக் கூடாது. அதுவும் மூன்று குறிப்புதான். குறிப்பும் கேள்வியாகத்தான் வர வேண்டும். 'அந்தக் கிணத்துல தண்ணி எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாத்தியா?' என்பது போல. எத்தனையோ பேர் வேலை இடைவேளையில் அவருக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக் குறிப்புக் கேட்டிருக்கிறார்கள். இயந்திரங்கள் இரையும் சத்தத்துக்கு நடுவில் நின்று பொறுமையாகக் கேள்வி கேட்பார். அவர் மட்டும் யாரிடமும் கேட்டதில்லை. அகராதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புரியாத ஆங்கிலச் சொல்லையெல்லாம் எழுதி எழுதி, நான்கு பாகங்களையும் அவராகவே முடித்தார்.

ஐந்தாம் பாகத்தின் கடைசியில்தான் வினை வந்தது.

கலங்கரை விளக்கத்தின் உச்சியில் ஏழு மணிகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னம்: மீன், சாவி, படகு, பறவை, சக்கரம், இலை, நிலா. முதல் பாகத்துத் துறைமுகத்தில் இருந்த ஏழு வீடுகளின் சின்னங்கள் அவை. சரியான வரிசையில் அடித்தால் கதை முடியும். ஒன்று தப்பினாலும் காற்று அடித்து, படிக்கட்டின் அடியில் கொண்டுபோய் விட்டுவிடும். மறுபடி ஏற வேண்டும்.

அந்தப் பாகம் வந்த வருட மே தினத்தில் நாங்கள் எட்டுப் பேரும் முடித்துவிட்டு வந்திருந்தோம். அவர் மட்டும் முடிக்கவில்லை.

"எத்தன நாள் ஆச்சு உனக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"மூணு நாள்ணே," என்றேன்.

அது பொய். இணையத்தில் ஒரு பக்கத்தில் வரிசையைப் பார்த்தேன், எழுதினேன், அடித்தேன். மொத்தம் நாலு நிமிடம். ஆனால் அதை அந்தக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது? குறிப்பு கூட மூன்றுக்கு மேல் கேட்கக் கூடாத கூட்டம். யோங் பெங்கில் டயர் கடை வைத்திருக்கும் மகேஸ்வரன் ஒரு வாரம் என்றான். பள்ளிக்கூடத்தில் கணிதம் சொல்லிக்கொடுக்கும் உமாதேவி இரண்டு நாள் என்றாள். பிரெட்ரிக் அண்ணன் எல்லாரையும் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார்.

"பரவால்ல. நான் மெதுவா வர்றேன்."

அந்த மெதுவுக்கு இருபது வருடம் ஆனது. அவர் வரும்போது முடிவைப் பற்றிய பேச்சை நிறுத்திவிடுவோம். புதிதாக யாராவது கூட்டத்தில் சேர்ந்தால், வாசலிலேயே அவர்களை எச்சரித்து உள்ளே விடுவோம். ஒரு தடவை மகேஸ்வரனின் கைத்தொலைபேசியில் அந்த முடிவில் வரும் இசை மணியோசையாக அடித்துவிட்டது. அவன் அதைத் தண்ணீர்க் குவளைக்குள்ளேயே போட்டுவிட்டான். நாங்கள் சிரித்து உருண்டோம். எங்களுக்கு அவர் மேல் இருந்த பாசம் அப்படி. அதில் பொய் எதுவும் இல்லை. பொய் வேறு இடத்தில் இருந்தது.

அவர் தன் பழைய நோட்டுப் புத்தகத்தில் எல்லா வழியையும் எழுதிப் பார்த்திருந்தார். ஏழு வீட்டுக்காரர்களையும் வயது வரிசைப்படி, அந்தப் பெண் அவர்களைச் சந்தித்த வரிசைப்படி, கடிதம் வாங்கிய வரிசைப்படி, இறந்த வரிசைப்படி. ஏழு மணியை மொத்தம் ஐயாயிரத்து நாற்பது விதமாக அடிக்கலாம் என்று அவரே கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தால் ஒரு வருடத்தில் முடித்துவிடலாமே என்று கேட்டேன்.

"அது பூட்ட உடைக்கிறது சொக்கு. தொறக்கிறது இல்ல," என்றார். "ஏதோ ஒண்ணு நான் பாக்காத இடத்துல இருக்கு. ஆனா நான் பாக்காத எடமே இல்ல. அப்ப கோளாறு எங்கன்னு தெரியுதா?" தன் நெற்றியைத் தட்டிக் காட்டிச் சிரித்தார்.

2006-இல் தொழிற்சாலையில் அவரை மேற்பார்வையாளராகப் போட நினைத்தார்கள். மூன்று மாதம் வெளிநாட்டில் பயிற்சி கொடுப்பதாகவும் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டார். அமலோற்பவம் அண்ணி அழுது பார்த்தார். நான் காரணம் கேட்டபோது சொன்னார்: "ஏழு மணிய வரிசையா அடிக்கத் தெரியாதவன் முப்பது பேர எப்படிலா மேய்க்கிறது?" வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

போன வருடம் அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. தெரிந்தபோதே முற்றியிருந்தது. பெரிய மருத்துவமனையில் ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். சர்ச்சிலிருந்து ஏற்றி இறக்கும் கட்டில் ஒன்றை இரவல் கொடுத்தார்கள். முன்கூடத்தில், வழக்கமாக நாங்கள் உட்காரும் இடத்தில், அதைப் போட்டிருந்தார்கள்.

பார்க்கப் போனேன். ஆளே பாதியாகிவிட்டிருந்தார். அண்ணி கோப்பி கலக்கப் போனதும் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சொக்கு, ஒரு குறிப்பு குடு."

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை.

"மணிக்கு. தீபாவளி வரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நானாத்தான் போடணும், அத மாத்திக்கல. விடைய சொல்லிடாத. போறதுக்கு முன்ன ஒரு தடவ நானே தொறந்து பாத்துட்டாப் போதும். ஒரு குறிப்பு."

இருபத்தாறு வருடத்தில் அவர் கேட்ட முதல் குறிப்பு. நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வரிசை எனக்கு மனப்பாடம். ஆனால் அது ஏன் அந்த வரிசை என்று எனக்குத் தெரியாது. விடையைச் சொல்லத் தெரிந்தவனுக்கு வழி தெரிந்திருக்க வேண்டியதில்லை; குறிப்புக் கொடுக்க வேண்டுமானால் வழி தெரிந்திருக்க வேண்டும்.

"நல்ல குறிப்பா யோசிச்சுட்டு வர்றேண்ணே," என்று சொல்லிவிட்டுக் கோப்பி கூடக் குடிக்காமல் வெளியே வந்தேன்.

காருக்குள் உட்கார்ந்தே உமாதேவியைக் கூப்பிட்டேன். கணக்கு டீச்சர், அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"உமா, மெரிடன் அஞ்சுல அந்த மணி வரிசை எப்படி வருது? ஏன் மீன் முதல்ல?"

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"சொக்கு, யார்கிட்டயும் சொல்லாத. நான் நெட்ல பாத்தேன்."

"ரெண்டு நாள்ன்னு சொன்னியே!"

"நீ மூணு நாள்ன்னு சொன்ன. அப்புறம் நான் என்ன சொல்றது? நீயாச்சும் நெசமாப் போட்டதுதானே?"

நான் கத்தினேன். அவளிடம் கத்த எனக்கு என்ன யோக்கியதை என்று தெரியாமலே கத்தினேன். மகேஸ்வரனைக் கூப்பிட்டேன். ஐயோ என்பது போல அவன் "அலமாக்" என்று ஆரம்பித்த விதத்திலேயே விளங்கிவிட்டது. சாயங்காலத்துக்குள் மற்ற ஏழு பேரையும் கேட்டு முடித்தேன். என்னையும் சேர்த்து எட்டுப் பேரும் பார்த்து எழுதியவர்கள். ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேர் உண்மையாகவே போட்டுவிட்டார்கள் என்று நம்பி, வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்த விளையாட்டை நேர்மையாக விளையாடிய ஒரே மனிதர் கட்டிலில் படுத்துக்கொண்டு எங்களைப் பெரிய மூளைக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

பழைய இணையப் பக்கம் எப்போதோ அழிந்துவிட்டது. வேறு இடங்களில் வெறும் வரிசைதான் இருந்தது. கடைசியில், இந்த விளையாட்டுக்கென்றே உலகம் முழுவதிலிருந்தும் சில நூறு பேர் இன்னும் புழங்கும் ஒரு மன்றத்தைக் கண்டுபிடித்தேன். நிறுவனம் மூடி இருபது வருடமான பிறகும் அங்கே தீவுகளுக்கு வரைபடம் போடுகிறார்கள், அதன் இசையை வீட்டுப் பியானோவில் வாசித்துப் போடுகிறார்கள். விஷயத்தைச் சுருக்கமாக எழுதினேன். நண்பர் சாகக் கிடக்கிறார், குறிப்பு வேண்டும், விடை வேண்டாம் என்றேன். ஒரு மணி நேரத்துக்குள் பின்லாந்திலிருந்து பதில் வந்தது. ஓய்வு பெற்ற நர்ஸாம்.

அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: முதல் பாகத்தின் தொடக்கக் காட்சியை, எதையும் தொடாமல், கடைசி வரை பார்க்கச் சொல்லுங்கள். வலி குறைவாக இருக்கும் காலை நேரமாகப் பார்த்துக் காட்டுங்கள்.

தொடக்கக் காட்சியா? நாங்கள் விளையாடிய முதல் பாகம் நேராகப் படகுத் துறையில்தான் ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் ஒன்றும் கிடையாது.

பிறகு நினைவு வந்தது. உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

இரண்டு சீடியை ஒரே சீடியில் அடக்க எதையாவது எடுத்தாக வேண்டியிருந்தது. ஆகப் பெரிய கோப்பு அந்தத் தொடக்கக் காட்சிதான். ஏழு நிமிடம். ஒரு நிமிடம் பார்த்தேன்; அந்தி நேரத்துத் துறைமுகம், ஒன்றுமே நடக்கவில்லை, சலித்துவிட்டது. அதை வெட்டி எடுத்துவிட்டு மீதியைப் பிரதி போட்டேன். வெட்டியதை யாரிடமும் சொல்லவில்லை. பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன், பிறகு மறந்தும்விட்டேன்.

அவர் பார்க்காத இடமே இல்லை என்று சொன்னது அத்தனையும் உண்மை. பார்க்க வேண்டியதை நான் வெட்டிக் குப்பையில் போட்டிருந்தேன். அந்த சீடியை வைத்துக்கொண்டு யாராலும் அந்த மணிகளை அடித்திருக்க முடியாது. அவர் தன் நெற்றியைத் தட்டிக் காட்டியதும், வேண்டாமென்று விட்ட அந்த வேலையும், வேடிக்கை என்று நினைத்து நான் சிரித்ததும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. என் மேல் எனக்கு அருவருப்பாக இருந்தது.

உமாதேவியிடம் சொன்னேன். "குறிப்ப மட்டும் குடுத்துட்டு வந்துரு," என்றாள். "வெட்டினத ஏன் சொல்ற? போற நேரத்துல அவர் மனசு எரியணுமா?" மகேஸ்வரன் சொல்லிவிடத்தான் வேண்டும் என்றான். இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. அவர்களா போய்ச் சொல்லப் போகிறார்கள்? நான்தானே போக வேண்டும்.

இப்போது அசலையே இணையத்தில் விற்கிறார்கள். வாங்கி என் மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டு சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போனேன். அண்ணனின் மகள் ஷர்மைன் சிங்கப்பூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள். அன்று அவளுக்கு வேலை. அண்ணி மட்டும் இருந்தார். மருந்து கொடுத்து முடிந்து, அவர் கொஞ்சம் தெளிவாக இருந்தார்.

"கொண்டாந்துட்டியா?"

"கொண்டாந்துட்டேண்ணே. குறிப்பு இதுதான். எதையும் தொடாதீங்க. கடைசி வரைக்கும் பாருங்க."

சாப்பாட்டுத் தட்டு வைக்கும் பலகை மேல் மடிக்கணினியை வைத்தேன். திரையில் அந்தி. கடலிலிருந்து பார்த்தால் தெரியும் துறைமுகம், வரிசையாக ஏழு வீடுகள், ஏழு சன்னல்களிலும் விளக்கு. தபால் படகு கரையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை. அலை மட்டும் ஆடியது.

ஒரு நிமிடத்துக்கு மேல் போன பிறகு ஒரு சன்னல் அணைந்தது. பிரெட்ரிக் அண்ணன் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"மீன்காரர் வீடு," என்றார்.

இன்னொன்று அணைந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது அணைந்ததும் கண்ணை இறுக மூடித் திறந்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த ஏழு பேரும் படகு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். ஒவ்வொருவராக விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போகிறார்கள். கடைசி ஒரு சன்னல் மட்டும் வெகு நேரம் எரிந்தது. அண்ணி எப்போது வந்தாரோ, கட்டிலுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"அந்த வீட்டுக்காரங்களுக்குத் தூக்கமே வரல போல," என்றார்.

"அது சாவி வீடு அமலா. அந்தப் படகுப் பொண்ணோட அம்மா," என்றார் அவர்.

ஐந்தாம் பாகத்தைத் திறந்து, மணிகளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திக் கொடுத்தேன். அவர் என்னை உதவ விடவில்லை. ஒரு மணி, அடுத்த மணி, அடுத்தது. ஏழாவதாகச் சாவி. காற்று அடிக்கவில்லை. கலங்கரை விளக்கத்தின் கதவு திறந்தது.

இருபது வருடம் காத்திருந்த முடிவு அவருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"சொக்கு, இந்த சன்னலெல்லாம் நம்ம சீடியில இல்லையே."

உமாதேவி சொன்னது நினைவுக்கு வந்தது. வேறு வெர்ஷன்ணே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

"நான்தாண்ணே வெட்டினேன். ஒரே சீடியில அடக்கணும்னு."

"என் சீடியில மட்டுமா?"

"எல்லாருக்கும்தான்."

"அப்ப நீங்கல்லாம் எப்படிப் போட்டீங்க?"

"யாரும் போடலண்ணே. நெட்ல பாத்து எழுதினோம். எட்டுப் பேரும். போட்டது நீங்க ஒருத்தர்தான். இன்னிக்கு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். பிறகு அவர் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக இறங்கியது. முகம் அழுகிற முகமாக இல்லை.

"அமலா, கேட்டியா? இங்க ஒண்ணும் கோளாறு இல்லயாம்." விரலால் தலையைத் தொட்டுக் காட்டினார். "சொக்கு, மறுபடி சொல்லு. அவளுக்குச் சரியாக் கேக்கல."

அண்ணிக்கு நன்றாகவே கேட்டிருந்தது. இருந்தாலும் மறுபடி சொன்னேன். நான் வெட்டியது, நாங்கள் பார்த்து எழுதியது, பொய் சொன்னது, எல்லாவற்றையும். அண்ணி அவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஷர்மைனுக்கு ஃபோன் போடு," என்றார் அவர். "நீயே சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டா."

அண்ணி தன் கைத்தொலைபேசியில் எண்ணைப் போட்டு என்னிடம் நீட்டினார். வேலைக்கு நடுவில் கூப்பிட்டதால் அவள் பயந்துபோய் எடுத்தாள். அப்பாவுக்கு ஒன்றும் இல்லை என்று முதலில் சொல்லிவிட்டு, மூன்றாவது முறையாக எல்லாவற்றையும் சொன்னேன்.

"அங்கிள்," என்றாள். "ஸ்கூல்ல படிக்கிறப்ப எங்கயாச்சும் முட்டிச்சுன்னா அப்பாகிட்டதான் போவேன். அப்பாக்குத் தெரியாதும்மா, உமா டீச்சர்கிட்ட கேளுன்னு அனுப்பிடுவாரு. எனக்கு அப்பாதான் சொல்லித் தரணும்னு இருக்கும். அதெல்லாம் இதனாலதானா?"

பிரெட்ரிக் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, உதட்டில் சிரிப்போடு, என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"என்ன சொல்றா?"

"ரொம்பச் சந்தோஷமாம்ணே," என்றேன்.